மூக்குக் கண்ணாடியை மலை வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய அனுபவம்

குன்னூரிலிருந்து:

நான் பள்ளி ஆசிரியை. வட்ட முகம், மாநிறம். 44 வயதில் வெள்ளெழுத்து வந்தபோது, சமவெளியில் உள்ள ஒரு பெரிய கடையில் தடித்த கறுப்பு ஃபிரேம் ஒன்றை வாங்கினேன். கடையின் வெள்ளை விளக்கொளியில் அது மிக எடுப்பாகத் தெரிந்தது. ஊர் திரும்பிய மறுநாள் காலை, மூடுபனி இறங்கியிருந்த வாசலில் என்னைப் பார்த்த மாமியார், "ஏம்மா, ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டார். அந்த வாரமே பள்ளியிலும் மூன்று பேர் உடல்நலம் விசாரித்தார்கள். நிலைக்கண்ணாடி முன் நின்று உற்றுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. ஃபிரேமின் கீழ்விளிம்பு, கண்ணுக்கடியில் இருந்த கருவளையத்தின் மீதே படிந்து, அதை இரண்டு மடங்காக்கிக் காட்டியது.

ஓராண்டு மனவருத்தத்துடன் அதையே அணிந்த பிறகு, உதகையில் ஒரு சிறிய கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர், "டீச்சர், டியூப்லைட்ல பாக்காதீங்க, வாசலுக்கு வாங்க" என்று அழைத்து, கைக்கண்ணாடியைக் கொடுத்து, நான் கழற்றி வைத்திருந்த அரக்கு நிறச் சால்வையையும் போர்த்திக்கொள்ளச் சொன்னார். மலையில் பெரும்பாலான நாட்களில் ஸ்வெட்டரோ சால்வையோ கழுத்தை ஒட்டியே இருப்பதால், ஃபிரேமின் நிறம் தோலோடு மட்டுமின்றி அந்தக் கம்பளியோடும் இணங்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனக்கு அது முற்றிலும் சரியாகப் பட்டது. மேகமூட்டத்தில் சாம்பல் நிற ஃபிரேம் என் முகத்தைச் சோகை பிடித்ததுபோல் காட்டியது. தேன் நிறத்தில் பழுப்புத் திட்டுகள் கலந்த ஒன்றைப் போட்டதும், மஞ்சள் சாயல் கொண்ட என் நிறம் தெளிந்தது.

பிறகு சிரிக்கச் சொன்னார். சிரிக்கும்போது கன்னம் தூக்கிவிடும் ஃபிரேமை அவர் தொடவே விடவில்லை. முகத்தோடு ஒட்டி நிற்கும் கண்ணாடியில் காற்றோட்டம் இல்லாததால், குளிரில் மூச்சின் ஆவியும் சீக்கிரம் படிந்துவிடும். மேல்விளிம்பு புருவத்தின் வளைவை ஒட்டிப் போக வேண்டும், கருவிழி லென்ஸின் ஏறக்குறைய நடுவில் அமைய வேண்டும், வட்ட முகத்துக்குச் சற்றே மூலை வைத்த ஃபிரேம் நல்லது என்றார். காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தில் 50, 19, 140 என்று அச்சிட்டிருந்ததையும் காட்டினார். முதல் எண் லென்ஸின் அகலம், அடுத்தது இரு லென்ஸுக்கும் நடுவே மூக்கின் மேல் வரும் இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். என் பழைய ஃபிரேமில் முதல் எண் 54. முகத்தைவிட அகலமாக இருந்ததால்தான் அது நாள் முழுவதும் சரிந்து சரிந்து கருவளையத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து:

குன்னூர்ச் சகோதரி சொன்ன அகலக் கணக்கு என் வாழ்விலும் உண்மை. எனக்கு மைனஸ் 7 பவர். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிப்பது என்பதை அறியாமல், நண்பர்களைப் பார்த்துப் பெரிய சதுர ஃபிரேம் வாங்கினேன். ஓரம் ஃபிரேமுக்கு வெளியே துருத்தி நின்றது. அடுத்த முறை 46 அகலத்தில் ஏறக்குறைய வட்டமான ஃபிரேமும், ஒளிவிலகல் எண் 1.67 உள்ள, அதே பவருக்கு மெல்லியதாக வரும் லென்ஸும் போட்டேன்; தடிப்பு நன்றாகக் குறைந்தது. கம்பளிக் குல்லாயையும் கடைக்கு எடுத்துச் சென்றிருந்தேன். குல்லாயின் இறுக்கத்தில் தடித்த பிளாஸ்டிக் கம்பி காதின் மேல் அழுத்தி வலித்தது. மெல்லிய உலோகக் கம்பி வலிக்கவில்லை. மூன்று குளிர்காலமாக அதைத்தான் அணிகிறேன்.