புதுப்பிப்பு: விஇ-கேட்ஹெரின் செல் ஓரத்தில் தெரியாத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேன்: தொப்புள்கொடிச் சிரையின் எண்டோதீலியல் செல்களில் (இரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்கள்), அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் விஇ-கேட்ஹெரின் என்ற புரதம் ஓரத்தில் தெரியாமல் உள்ளே புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது, அதை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி கெட்டுப்போச்சா என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ஆன்டிபாடியில் கோளாறு இல்லை. "கழுவுற பிபிஎஸ்ல கால்சியம் இருக்கா பாருங்க தம்பி" என்று ஒரு அக்கா சொன்னதுதான் பலித்தது. (பிபிஎஸ் என்பது செல்களைக் கழுவும் உப்புக் கரைசல்.) கேட்ஹெரின்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும். ஆனால் நான், செல்களை ஃபிக்ஸ் செய்வதற்கு (இருந்தபடியே நிலைநிறுத்துவதற்கு) முன்பே, கால்சியம் இல்லாத பிபிஎஸ்ஸில் நிதானமாக மூன்று முறை கழுவியிருக்கிறேன்! கால்சியமும் மெக்னீசியமும் உள்ளதற்கு மாறினேன். செல்கள் இடைவெளியின்றி நிரம்பிய பின் இரண்டு நாள் கூடுதலாக விட்டேன். இப்போது ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையின் இணைப்புக் கோடு மாதிரி ஓரமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஒப்பிட வைத்த பழைய பிபிஎஸ் தட்டில் மறுபடி அதே சிதறல்.

செல்களை இணைக்கும் இன்னொரு புரதமான சிடி31 மட்டும் பழைய கழுவலிலும் ஓரத்திலேயே நின்றது. அதன் பிடிப்பு கால்சியத்தை நம்பி இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எதிர்பாராதது, வெள்ளணுக்களைப் பிடித்துக்கொள்ளும் பி-செலக்டின் என்ற புரதம். ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் துளையிடும் டிரைட்டான் போடாத செல்லில் ஒன்றுமே இல்லை. போட்டதில் உள்ளே குட்டிக் குட்டிக் குச்சிகள். வெய்பெல், பலாடே என்ற ஆய்வாளர்கள் 1964-இல் விவரித்த சேமிப்பு உறைகள் அவை. செல்களைத் தூண்டும் ஹிஸ்டமின் கொடுத்துச் சில நிமிடங்களில் டிரைட்டான் இல்லாமலே பி-செலக்டின் மேற்பரப்பில் தெரிந்தது.