'கேப்டன் கூல்' யாருடைய சொத்து?

நுங்குவண்டி: "தோனி 'கேப்டன் கூல்' பெயரை வாங்கிவிட்டார், இனி எவன் அச்சடித்தாலும் உள்ளேதான்" என்று நேற்று மஞ்சள்7 இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, திருப்பூரில் என் மச்சான் 200 பனியனை மூட்டையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அரைகுறையாகப் படித்துவிட்டு ஏன் ஊரைப் பயமுறுத்துகிறீர்கள்? 2023-இல் தோனி தரப்பு வணிகக்குறி (டிரேட்மார்க்) விண்ணப்பம், 2025 ஜூனில் வணிகக்குறி இதழில் விளம்பரம்; விளம்பரம் வந்தாலே பெயர் பதிவாகிவிட்டது என்று ஆகாது. அதற்குப் பிறகும் எதிர்ப்பு சொல்ல நான்கு மாதம் உண்டு. அதுவும் வணிகக்குறிக்கான பொருள், சேவைப் பட்டியலில் 41-ஆம் வகுப்பு, அதாவது விளையாட்டுப் பயிற்சி, அந்த மாதிரி சேவைகள். துணிமணிக்கு வேறு வகுப்பு, 25.

மஞ்சள்7: வகுப்பு எடுக்காதீங்க சார். கேப்டன் கூல் என்றால் ஒருத்தர்தான், பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

கொழும்பான்: சும்மா கதைக்காதீங்கோ. 1996 உலகக்கோப்பை லாகூர் இறுதியாட்டத்தில் எங்கட கேப்டன் அர்ஜுனா ரணதுங்க 47 அடித்து அவுட் ஆகாமல் நின்று கோப்பையைத் தூக்கினார். நாங்கள் அவரைக் கேப்டன் கூல் என்று கொண்டாடினபோது உங்கட தல தோனி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள்7: யார் கூப்பிட்டது? 96-இல் வந்த ஒரு பேப்பர் காட்டுங்க. 1999-இல் அடிலெய்டில் நடுவரிடம் விரலை நீட்டிச் சண்டை போட்டு டீமையே எல்லைக்கோடு வரை கூட்டிப்போனவர் கூலா?

கொழும்பான்: நடுவர் நோ-பால் சொன்ன எங்கட பந்துவீச்சாளர் முரளிக்காக நின்றார் ஐயா! 2019-இல் ஜெய்ப்பூரில் ஒரு நோ-பாலுக்காக, அவுட்டான பிறகும் மைதானத்துக்குள் நடந்து வந்து அந்த ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதமாகக் கட்டினது யார்?

வக்கீல்குமாஸ்தா: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்பதல்ல கேள்வி, வியாபாரத்தில் அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்பதுதான். கிரிக்கெட் வீரர் கம்பீர், தன் பெயரை ஒரு மதுக்கூடம் பயன்படுத்துகிறது என்று போட்ட வழக்கில் 2017-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் தோற்றார், ஏனென்றால் எதிரே நின்ற மதுக்கூடக்காரரின் சொந்தப் பெயரே கௌதம் கம்பீர். 2023-இல், வீரர்களின் பெயர் போட்ட டிஜிட்டல் அட்டைகளை விற்பது பற்றிய வழக்கிலும், வீரரின் பெயரும் ஆட்டக் கணக்கும் பொதுவில் கிடக்கிற தகவல் என்று அதே நீதிமன்றம்...

மஞ்சள்7: கம்பீர் பேச்சை எடுக்காதீங்க. 2011 உலகக்கோப்பை ஃபைனலில் தல 91, சிக்ஸரோடு முடித்தார்.

வக்கீல்குமாஸ்தா: கம்பீர் 97. கணக்கு தெரியுமா?

மஞ்சள்7: நீங்கள் கணக்கு சொல்லாதீங்க. 96 பேப்பர் எங்கே?

நுங்குவண்டி: ஐயா, பனியனை விற்கலாமா வேண்டாமா? 25-இல் யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா, அதையாவது பார்த்துச் சொல்லுங்களேன்.

வக்கீல்குமாஸ்தா: வகுப்பு வேறு என்பதற்காக ஆள் படத்தைப் போட்டு விற்றுவிடலாம் என்றில்லை. பனியனில் முகம் இருக்கிறதா?

நுங்குவண்டி: ஹெல்மெட் போட்ட தோனி முகம். கீழே அவர் ஜெர்சி எண் 7.

மஞ்சள்7: பார்த்தீங்களா திருடனை! எங்க தல முகத்தைப் போட்டு வயிறு வளர்ப்பவன்தான் இந்தத் திரியையே ஆரம்பித்தது. கொழும்பான், பேப்பர் எங்கே?

கொழும்பான்: ஜெய்ப்பூருக்கு முதலில் பதில் சொல்லுங்கோ.

மஞ்சள்7: பேப்பர்.