மாவு மில் மோட்டார்: கிளாம்ப் மீட்டர் கணக்கும் கிலோவாட்டும் ஒத்துவராதது ஏன்?

கேள்வி (வலங்கைமான்):
எங்கள் மாவு மில்லில் 7.5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடுகிறது. நேற்று பச்சரிசி அரைக்கும்போது கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வயராக மாட்டிப் பார்த்தேன். மூன்றிலும் 11 ஆம்பியர், வோல்டேஜ் 415. இவை இரண்டையும் பெருக்கி, த்ரீ ஃபேஸ் கணக்குக்கான 1.732-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 7,900 வருகிறது. ஆனால், சுவரில் உள்ள மின் மீட்டர் அதே நேரத்தில் 5.9 கிலோவாட் என்றே காட்டியது. எஞ்சிய 2 கிலோவாட் எங்கே போகிறது? மீட்டரில் கோளாறா? ஜெனரேட்டர் வாங்க இருப்பதால், எந்த எண்ணை நம்புவது என்று தெரிந்தாக வேண்டும்.

பதில் (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற மின் பொறியாளர்):
மீட்டர் சரியாகவே காட்டுகிறது, தம்பி. நீங்கள் பெருக்கிப் பெற்ற 7.9 கிலோவாட் அன்று, அது கே.வி.ஏ. (கிலோ வோல்ட் ஆம்பியர்) அளவில் சொல்லப்படும் தோற்றத் திறன். அரைக்கும் வேலையாகவும் சூடாகவும் உண்மையில் செலவாகும் 5.9 தான் மெய்த்திறன். மோட்டாரின் காயிலில் காந்தப்புலம் உருவாவதற்கும் மின்னோட்டம் வேண்டும். ஆனால் அந்த ஆற்றல் செலவாவதில்லை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு ஃபேஸிலும் நொடிக்கு 100 முறை உள்ளே போய், போன வழியே திரும்பிவிடுகிறது. ஆகவே, 7.9-இலிருந்து 5.9-ஐக் கழிப்பதே பொருந்தாது. செங்கோண முக்கோணத்தில் 7.9 கர்ணம், 5.9 ஒரு பக்கம் என்று வைத்தால் மற்றப் பக்கம் ஏறத்தாழ 5.2 வரும், போய்த் திரும்பும் திறன் அதுதான். 5.9-ஐ 7.9-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.75 திறன் காரணி.

ஜெனரேட்டருக்குக் கர்ணத்தையே பாருங்கள். வேலை செய்யும் ஆம்பியர், திரும்பிவரும் ஆம்பியர் என்று அதன் காயிலுக்கு வேறுபாடு கிடையாது. இரண்டுமே அதைச் சூடாக்கும். 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர், மோட்டார் ஓடும்போதே போதாது, நேரடியாக ஸ்டார்ட் செய்தால் மோட்டார் சுமார் 6 மடங்கு ஆம்பியர் இழுக்கும் என்பதால், ஸ்டார்ட்டர் வகையையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பதில் (மன்னார்குடி):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மோட்டாருக்கு அருகிலேயே 3 கே.வி.ஏ.ஆர். (போய்த் திரும்பும் திறனை அளக்கும் அலகு) கெபாசிட்டர் மாட்டினால், அந்தத் திரும்பும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அங்கேயே சுற்றிக்கொள்ளும். எங்கள் போர் மோட்டார் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் லைனின் கடைசியில் இருக்கிறது. குறுவை நாற்றங்கால் நேரத்தில், ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வருமுன் எல்லாரும் போரைப் போட்டுவிடுவதால் வோல்டேஜ் இறங்கி, ஸ்டார்ட்டர் கடகடவென்று அடித்து விழும். கெபாசிட்டர் மாட்டிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது. போருக்கு இலவச மின்சாரம்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது. லைன் எல்லாருக்கும் பொது.

கேள்வி கேட்டவர்:
எலக்ட்ரீசியனை வைத்து மாட்டிவிட்டேன். ஆனால், மோட்டார் வயரில் 11 ஆம்பியர் அப்படியே இருக்கிறதே?

பதில் (தஞ்சாவூர்):
அங்கே மாறாது. கெபாசிட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில் பழைய மின்னோட்டம்தான் ஓடும். மீட்டருக்கும் கெபாசிட்டருக்கும் இடைப்பட்ட வயரில் கிளாம்பை மாட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
8.8 ஆம்பியர். மீட்டரில் அதே 5.9 கிலோவாட். மிக்க நன்றி, ஐயா.