தீங்கி, இடர்: குடிநீர் ஒழுங்குவிதிகளுக்கு இரண்டு சொற்கள்

குழும உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஹசார்ட் (கேடு செய்யவல்ல காரணி), ரிஸ்க் (அக்கேடு நேரும் வாய்ப்பும் கடுமையும் சேர்ந்த அளவு) ஆகிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் எவற்றை வழங்கலாம் என்று நான் கேட்டிருந்த கேள்விக்கு மறுமொழி எழுதியவர்களுக்கு நன்றி. இரண்டுக்கும் 'இடர்' ஒன்றே போதும் என்பது மதுரை ஐயாவின் கருத்து. 'ஊறு' என்ற பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாம் என்று மட்டக்களப்பு அம்மையார் எழுதியிருந்தார். இரண்டையும் பல நாள் எண்ணிப் பார்த்தேன். முதற்சொல்லுக்குத் 'தீங்கி' என்று புதிதாக ஆக்கிக்கொண்டு, இரண்டாவதற்கு 'இடர்' என்பதையே நிலைநிறுத்தலாம் என்பது என் முன்மொழிவு.

நான் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டவை ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிநீர்ப் பணிப்புரையும் (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் நிறைவேற்ற வேண்டிய ஆணை, டைரக்டிவ்) அதன் வழிவந்த யேர்மானிய ஒழுங்குவிதியும் ஆகும். 1998 ஆம் ஆண்டுப் பழைய பணிப்புரை, குறித்த சில பொருட்கள் குழாய்நீரில் வரம்பு மீறாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பதையே முதன்மையாகக் கொண்டிருந்தது. தண்ணீர் மனித உரிமை என்று வலியுறுத்தி 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் கையொப்பமிட்ட முறையீட்டுக்குப் பின், 2020 டிசம்பர் 16 அன்று நிறைவேறிய புதிய பணிப்புரை, நீர்ப்பிடிப்புப் பகுதி, வழங்கல் கட்டமைப்பு, கட்டடத்தின் உட்குழாய்கள் ஆகிய மூன்று இடங்களிலும் கேடு நேருமுன்பே மதிப்பிட்டுத் தடுக்க வேண்டும் என்கிறது. நீர் கிடைக்காத விளிம்புநிலை மக்களுக்கு அது கிடைக்க வழிசெய்வதும், நீரின் தரத்தை மக்களுக்குப் புரியும்படி அறிவிப்பதும் அதில் அரசுகளின் கடமைகள். உடல்நலத்துக்குக் கேடு செய்யவல்ல உயிரியல், வேதியியல், இயற்பியல் அல்லது கதிரியக்கக் காரணியை அது ஹசார்ட் என்ற சொல்லாலும், கேடான நிகழ்வு நேரும் வாய்ப்பையும் அதன் விளைவின் கடுமையையும் சேர்த்துக் கணித்த அளவை ரிஸ்க் என்ற சொல்லாலும் குறிக்கிறது. பணிப்புரை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். பழைய வீட்டின் ஈயக்குழாயில் இரவு முழுவதும் தேங்கி நின்ற நீரில் ஈயம் கரைந்திருக்கும். அந்த நீரில் காலையில் பால்மா கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வீட்டிலும், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் இருக்கும் ஈயம் ஒன்றே, இடர் ஒன்றன்று. லீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றிருந்த ஈய வரம்பை 2036 க்குள் 5 ஆகக் குறைக்க வேண்டும் என்று பணிப்புரை விதித்திருப்பதை விளக்கும்போதும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் முடியாது.

சொல் தவறினால் என்ன நேரும் என்பதை நான் கண்முன்னே கண்டேன். 2022 இல், யேர்மனியில் நாங்கள் வாழும் அடுக்குமாடியின் படிக்கட்டுச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். சுடுநீர்க் குழாயில் லெஜியோனெல்லா நுண்ணுயிரி 100 மில்லிலீட்டருக்கு 100 என்ற, நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவைத் தாண்டியதால் 'கெஃபேர்டுங்ஸ்அனலீஸ' நடக்கும் என்று அதில் இருந்தது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக நான் அதை 'ஆபத்துப் பகுப்பாய்வு' என்று தமிழாக்கி, 'நீரில் ஆபத்து கண்டறியப்பட்டுள்ளது' என்றும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் மாடியில் வாழும் ஓர் அம்மா அன்றே குழாய்நீர் குடிப்பதை நிறுத்தி, போத்தல் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக மாடிக்குச் சுமக்கத் தொடங்கினார். இந்த நுண்ணுயிரியோ, குளிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளை மூச்சோடு உள்ளிழுப்பதால்தான் பெரும்பாலும் நுரையீரலைத் தாக்குகிறது. அவருடைய பேரன் வழக்கம்போல் சுடுநீர்த் தூவலின் கீழ் நின்று குளித்துக்கொண்டிருந்தான். நான் போய் விளக்கியபோது, "தம்பி, தண்ணியிலை ஆபத்து எண்டு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. எந்தத் தீங்கி, எந்த வழியாக வந்தால், எவ்வளவு இடர் என்பதை என் சொல் அவருக்குச் சொல்லவில்லை.

யேர்மானியரும் 'கெஃபேர்டுங்ஸ்அனலீஸ' என்ற அந்தச் சொல்லை மாற்றியிருக்கிறார்கள் என்பதைக் குழுமம் கவனிக்க வேண்டும். 2023 ஜூன் 24 முதல் நடப்பிலுள்ள புதிய ஒழுங்குவிதியில் அதே நடைமுறைக்கு 'ரிசிகோஆப்ஷேட்சுங்' என்று பெயர். இதை 'இடர் மதிப்பீடு' என்று நேராகவே சொல்லலாம்.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். ஐயா கூறிய 'இடர்' காப்புறுதியிலும் வங்கியிலும் ரிஸ்க் என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. அதே சொல்லை ஹசார்டுக்கும் நீட்டினால் 'இடரின் இடரை மதிப்பிடுக' என்று எழுத நேரும். 'இடர்க்காரணி' என்று பிரிக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். புகைபிடித்தல், குருதி அழுத்தம் போன்றவற்றைக் குறிக்க மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'ஊறு' எனக்கும் பிடித்த சொல். 'இடையூறு' என்பதில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆயினும் நிலத்தடி நீரைப் பற்றிய உரையில் 'நீரில் ஊறு' என்று எழுதினால், படிப்பவர் மனம் ஊற்றுக்கும் ஊறுதலுக்கும்தான் போகும். வேறு துறைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

'தீங்கி' இலக்கணப்படி சரியா என்ற ஐயம் எழலாம். 'ஊக்கி', 'கடத்தி' போன்றவை வினையடியாகப் பிறந்தவை, 'தீங்கு' பெயர்ச்சொல். எனினும் 'உயிர்' என்ற பெயரிலிருந்து 'உயிரி' வந்து, 'நுண்ணுயிரி' வரை வளர்ந்திருக்கிறது. உயிரை உடையது உயிரி என்றால் தீங்கை உடையது தீங்கி. வேதித் தீங்கி, கதிரியக்கத் தீங்கி என்று அடைமொழியோடும் தடையின்றி இயைகிறது.

அறிவித்தலை இப்போது இப்படித் திருத்தியிருக்கிறேன்: "சுடுநீர்க் குழாய்களில் லெஜியோனெல்லா என்ற உயிரியல் தீங்கி காணப்பட்டுள்ளது. இது குடிப்பதைவிட, குளிக்கும்போது எழும் நுண்துளிகளை உள்ளிழுப்பதாலேயே நோய் தரும். இதனால் ஏற்படும் இடர் மதிப்பிடப்படுகிறது." அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'தீங்கி' என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டார். அடுத்த வரியைக் கேட்டதும், "அப்ப குளிக்கிற சுடுதண்ணியைத்தான் பாக்கவேணும்" என்றார்.

தீங்கி நீருக்குள் புகுவதற்கோ, நீங்காமல் தங்குவதற்கோ காரணமாகும் நிகழ்வுக்கும் பணிப்புரையில் தனிச்சொல் உண்டு. பெருமழையில் வயல் உரம் கிணற்றுக்குள் இறங்குவதும், குளோரின் செலுத்தும் கருவி நின்றுபோவதும் அவ்வகையின. 'தீங்கு நிகழ்வு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது தீங்கு ஏற்கெனவே நடந்து முடிந்தது போலத் தொனிக்கிறது. இதற்குப் பொருத்தமான சொல்லை ஐயாவும் அம்மையாரும் மற்றவர்களும் எழுதினால், மொழிபெயர்ப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் சேர்த்துக்கொள்வேன்.