மணிநேர ஊதியத்தை வைத்துத் தொழிலைத் தேர்ந்தெடுக்கலாமா?

வைகைக்கரையான் எழுதியது:

என் மகன் அடுத்த ஆண்டு பள்ளிப்படிப்பை முடிக்கிறான். நாங்கள் வசிப்பது நியூ ஜெர்சியில். உறவினர்கள் அனைவரும் மருத்துவம் அல்லது கணினி என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். அவனுக்கோ லிஃப்ட் மெக்கானிக் ஆக வேண்டும் என்று ஆசை. நானும் அவன் பக்கம்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பு 2024 மே மாதத்திற்கு வெளியிட்ட கணக்கின்படி, லிஃப்ட், எஸ்கலேட்டர் பொருத்திப் பழுதுபார்ப்போரின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் பெறுவது) 1,06,580 டாலர்; அதாவது மணிக்கு ஏறக்குறைய 51 டாலர். பல் மருத்துவமனைகளில் பற்களைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டுகளுக்கு மணிக்கு 45 டாலர். கூட்டாட்சி அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது என்பதோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொழில்களை ஒப்பிட ஆண்டுச் சம்பளத்தைவிட மணிநேர ஊதியமே நேர்மையான அளவு என்பது என் கருத்து. ஆண்டுக்கு 1,20,000 டாலர் வாங்கும் இருவரில் ஒருவர் வாரம் 40 மணி நேரமும் மற்றவர் 65 மணி நேரமும் உழைக்கிறார்கள் என்றால், முன்னவருக்கு மணிக்கு 58 டாலர். பின்னவருக்கு 36 டாலர்கூடக் கிடைப்பதில்லை. சம்பளச் சீட்டு இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. போதாததற்கு, 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி மணிக்கூலிக்காரருக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு மேல் ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதச் சம்பளக்காரர் பலருக்கு அந்தப் பாதுகாப்பே இல்லை.

சிலம்பரசு எழுதியது:

வைகைக்கரையான் ஐயா, நீங்கள் நம்பும் அந்த எண் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். யாரும் கடிகாரம் வைத்து அளந்து எடுத்த எண் அல்ல அது. ஆண்டுக்கு 52 வாரம், வாரத்திற்கு 40 மணி நேரம், ஆக 2,080 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு, ஆண்டு ஊதியத்தையும் மணிக்கூலியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றுகிறார்கள். புள்ளியியல் அமைப்பின் பட்டியலில் மயக்க மருந்து நிபுணருக்கு மணிக்கு 115 டாலருக்கு மேல் என்று இருப்பதும் அப்படித்தான்: ஆண்டுக்கு 2,39,200 டாலருக்கு மேற்பட்ட தொகையை அவர்கள் தனித்தனியாக வெளியிடுவதில்லை, அந்த உச்சவரம்பை 2,080ஆல் வகுத்தால் 115 வரும். அந்த மருத்துவர் வாரம் 40 மணி நேரம் உழைக்கிறாரா, 60 மணி நேரம் உழைக்கிறாரா என்பது அந்த எண்ணில் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டுகளும் இல்லை. கல்லூரி நான்கு ஆண்டு, மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் பயிற்சி மருத்துவராக நான்கு ஆண்டு. பயிற்சி மருத்துவரின் வேலை வாரம் சராசரியாக 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2003இல் நாடு முழுவதற்கும் வரம்பு விதித்தார்கள். அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 70,000 டாலர் பெறும் ஒருவர் 48 வாரங்கள் அந்த வரம்பு வரை உழைத்தால், மணிக்கு 18 டாலர்தான் வருகிறது.

விமானிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. பெரிய விமான நிறுவனங்களில் அனுபவமிக்க கேப்டனுக்கு மணிக்கு 300 டாலருக்கு மேல் என்று கேட்டவுடன் வியக்கிறோம். ஆனால் அது விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து மறு நிலையத்தில் நிற்கும் வரையிலான நேரத்திற்கான கூலி. பறப்பதற்கு முன் செய்யும் சோதனைகள், நிலையங்களில் காத்திருப்பு, வெளியூர் விடுதியில் கழியும் இரவுகள் ஆகியவற்றுக்கு அந்த விகிதம் பொருந்தாது. ஆண்டுக்கு 1,000 மணி நேரத்திற்கு மேல் பறக்கவும் விதி இடம் தருவதில்லை. 900 மணி நேரம் பறந்தால் 2,70,000 டாலர்; அதை 2,080ஆல் வகுத்தால் 130 டாலர். இதனாலேயே புள்ளியியல் அமைப்பு விமானிகளுக்கு ஆண்டு ஊதியத்தை மட்டும் தருகிறது. மணிநேர ஊதியம் என்று எதையும் தருவதில்லை.

வைகைக்கரையான் எழுதியது:

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் மணிக்கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்பதற்கான சான்றுதான், தம்பி. பயிற்சி மருத்துவருக்கு 18 டாலர்தான் என்று எந்த அளவைக் கொண்டு கண்டுபிடித்தீர்கள்? மணிக்கணக்கைக் கொண்டுதானே? ஆண்டுச் சம்பளம் என்று மட்டும் பார்த்திருந்தால் 70,000 என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்போம்.

தேன்மொழி எழுதியது:

நான் டெக்சாஸில் பல் ஹைஜீனிஸ்டாகப் பணிபுரிகிறேன். ஐயா குறிப்பிட்ட 45 டாலருக்கு நெருக்கமான தொகைதான் எனக்கும் கிடைக்கிறது. ஆனால் அந்தத் தொகைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் எனக்குக் கிடைக்கிறது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. முன்பு வேலை செய்த ஒரு மருத்துவமனையில், காலை பத்து மணி நோயாளி வராவிட்டால் வருகைப் பதிவை நிறுத்திவிட்டு ஓய்வறையில் உட்காரச் சொல்வார்கள். பதினொரு மணி நோயாளி வந்ததும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். நடுவில் கழிந்த அந்த நேரம் வீட்டுக்கும் ஆகாது, கூலிக்கும் ஆகாது. அந்த ஒரு மணி நேர இடைவெளியில் கருவிகளைத் தூய்மை செய்தாலும் யாரும் கணக்கில் கொள்ள மாட்டார்கள். எங்கள் தொழிலில் பலர் பகுதிநேரமாகவே வேலை செய்கிறார்கள். இரண்டு மூன்று இடங்களில் நாட்களைப் பிரித்துக்கொண்டு வேலை பார்ப்பவருக்கு முதலாளிகள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு தருவதில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் கழுத்தைச் சாய்த்து, மணிக்கட்டை ஒரே கோணத்தில் வைத்து வேலை செய்கிறோம். என்னுடன் படித்த சிலர் நாற்பது வயதுக்குள்ளேயே நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உடல் ஈடுகொடுக்காத வேலைக்கு எட்டு மணி நேரக் கணக்கில் ஊதியத்தைப் பெருக்கிப் பார்ப்பது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

மருதநிலவன் எழுதியது:

இதுவரை எண் சரியா தவறா என்றே பேசுகிறோம். அந்த எண் ஏன் உயர்ந்து நிற்கிறது என்பதைப் பேசாமல் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு வழிகாட்ட முடியாது. 2024 அக்டோபர் முதல் தேதி அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை, வளைகுடாக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்றே நாளில், ஆறு ஆண்டுகளில் அடிப்படைக் கூலியை மணிக்கு 39 டாலரிலிருந்து 63 டாலராக உயர்த்த உடன்பாடு ஏற்பட்டது. ஏறக்குறைய 62 விழுக்காடு உயர்வு. அந்த மூன்று நாளில் அவர்களுடைய திறமை கூடிவிட்டதா என்ன? நாட்டின் சரக்கெல்லாம் நுழையும் வாசலில் அவர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். அந்த இடத்திற்கும் அந்த ஒற்றுமைக்கும் உரிய விலை அது. அதை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த வாசலுக்குள் புதிதாக நுழைவது எளிதன்று; மூப்பு வரிசையில் பல ஆண்டுகள் காத்திருந்து, கிடைத்த நாளில் வேலை செய்துதான் மேலே வர முடியும்.

லிஃப்ட் தொழிலும் அத்தகையதே. நான்கு ஆண்டுப் பயிற்சிக் காலம் உண்டு. தொடக்கத்தில் மெக்கானிக்கின் கூலியில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். உயர்ந்த மணிக்கூலிக்குப் பின்னால் குறுகிய கதவு இருக்கிறது என்பதே என் வாதம். கதவைப் பற்றிப் பேசாத ஒப்பீடு, கதவுக்கு வெளியே நிற்பவருக்குப் பயன்படாது.

சிலம்பரசு எழுதியது:

மருதநிலவன் அவர்களின் கருத்தை ஏற்கிறேன். என் துறையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். நிரந்தர வேலையை விட்டுவிட்டு, 1099 முறையில் (ஊழியராக அல்லாமல், வரியைத் தானே கட்டும் தனி ஒப்பந்தக்காரராக) மணிக்கு 90 டாலருக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது என்று மகிழ்பவர்களைப் பார்க்கிறேன். இரண்டு வாரம் விடுப்பு, இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே நான்கு வாரம் வேலையின்மை, பதினொரு அரசு விடுமுறைகள் ஆகியவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு 1,752 மணி நேரம்தான் மிஞ்சும். அதற்கு வருமானம் ஏறக்குறைய 1,57,700 டாலர். நிரந்தர ஊழியருக்கு முதலாளி செலுத்தும் பாதிச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியையும் இவரே கட்ட வேண்டும்; அது 11,000 டாலருக்கு மேல். குடும்பக் காப்பீட்டுக்கு 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மீதியை 2,080ஆல் வகுத்தால் 61 டாலர் வருகிறது. ஓய்வுக்காலச் சேமிப்புக்கு முதலாளி தரும் பங்கை இன்னும் கழிக்கவில்லை. எனவே அந்த 90 டாலர், நிரந்தர வேலையின் 61 டாலருக்கும் சற்றுக் குறைவு.

வைகைக்கரையான் எழுதியது:

இந்தக் கணக்கு மிகவும் பயனுள்ளது, நன்றி. இதையே லிஃப்ட் தொழிலுக்கும் போட்டுப் பாருங்கள். தொழிற்சங்க ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்பவருக்கு மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் கூலிக்கு மேலாக முதலாளியால் செலுத்தப்படுகின்றன. ஒப்பந்தக்காரரின் 90 டாலர் 61 ஆகச் சுருங்குகிறது என்றால், மெக்கானிக்கின் 51 டாலர் அதே கணக்கில் மேலே ஏறுகிறது. படிப்புக் கடனும் அவருக்கு இல்லை. ஆகவே என் கருத்தில் மாற்றமில்லை: மணிநேர ஊதியத்தை முழுமையாகக் கணக்கிட்டால் என் மகனின் விருப்பம் தவறானதன்று.

தேன்மொழி எழுதியது:

ஐயா, கூலியில் நான் குறை சொல்லவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கியும், பெட்டியின் கூரைமேல் நின்றும், யாரேனும் உள்ளே சிக்கிக்கொண்டால் நள்ளிரவில் எழுந்து ஓடியும் செய்ய வேண்டிய வேலை அது. இருபது வயதில் அந்த மணி நேரமும் ஐம்பத்தைந்து வயதில் அதே மணி நேரமும் உடலுக்கு ஒன்றல்ல. உங்கள் கணக்கில் எத்தனை ஆண்டுகளைப் பெருக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் மகனுடன் அமர்ந்து பேசிவிடுங்கள்.

மருதநிலவன் எழுதியது:

பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் பதினெட்டு வயதும் பள்ளிச் சான்றிதழும் வேண்டும். வாசிப்பு, கணிதம், இயந்திர அறிவு ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு நடக்கும். அதன்பின் நேர்காணல் வைத்துத் தரவரிசைப் பட்டியல் இடுவார்கள். விண்ணப்பம் எப்போது திறக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் திறப்பதில்லை. உங்கள் பகுதிச் சங்க அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு, அழைப்பு வரும் வரை அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் மின்னியல் படிப்பில் மகனைச் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் பின்னால் நின்றாலும் அந்தப் படிப்பு எலக்ட்ரீசியன் வேலைக்கு உதவும்.

வைகைக்கரையான் எழுதியது:

திங்கட்கிழமை அழைத்துக் கேட்கிறேன். சகோதரி சொன்ன ஆண்டுக் கணக்கை மகனையே போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் காலப் பாதிக் கூலியையும் சேர்த்து.