தென்னை சாய்ந்தது, செம்பனைக்குப் போனேன்: வெளிநாட்டுத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் அனுபவங்கள்

பேராவூரணிக்காரன்:

2018 நவம்பர் 16 விடிகாலையில் வந்த கஜா புயல், எங்கள் தோப்பில் இருந்த 140 தென்னையில் 118-ஐச் சாய்த்துவிட்டுப் போனது. எல்லாம் அப்பா நட்ட மரங்கள். கிடைத்த நிவாரணம் விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே சரியாகப் போனது. புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை வட்டி நிற்குமா? கொரோனா முடிந்து, 2022-இல் மலேசியத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். அப்போது எனக்கு 34 வயது.

"தென்னந்தோப்பு மாதிரிதான் தம்பி, காய் பறிக்கிற வேலை. உனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் ஏஜெண்ட். 1,10,000 ரூபாய் கொடுத்தேன். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே என்பது அங்கே போய் ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கொடுத்த பணம் இன்றும் மனதை அறுக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் நான் தப்பித்தேன். கையில் இருந்த விசா தோட்ட வேலைக்கானது, அதில் இருந்த முதலாளி பெயரும் நான் போய்ச் சேர்ந்த தோட்டமும் ஒன்றே.

திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் இறங்கி, பகாங் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எண்ணெய்ப் பனையை அங்கே செம்பனை என்பார்கள். தோட்டத்துக்குள் நுழைந்ததும் பயம்தான் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. வானம் தெரியாது, காற்று அசையாது, வேர்வை காயாது.

தென்னை மாதிரி என்றாரே, ஒரு மாதிரியும் கிடையாது. இந்த மரத்தில் யாரும் ஏறுவதில்லை. நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாளைப் பூட்டி, கீழே நின்றபடியே முதலில் குலையைத் தாங்கும் மட்டையை இழுத்து அறுக்க வேண்டும், அப்புறம் குலையை. இளம் மரமென்றால் உளி போன்ற கருவியால் குத்தித் தள்ளலாம், அது கொஞ்சம் சுலபம். வளர்ந்த மரத்தில் ஒரு குலை 20, 25 கிலோ இருக்கும். அண்ணாந்து பார்த்தபடி ஆடும் கம்பைப் பிடித்திருக்கும்போது அது எந்தப் பக்கம் விழும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். மட்டையின் அடியில் இரண்டு பக்கமும் முள். குலையிலும் முள். முதல் பத்து நாள் இரவு சாப்பிடும்போது சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். கழுத்து வலி மூன்று மாதம் போகவில்லை.

அதைவிடக் கஷ்டம் எது பழுத்த குலை என்று தெரியாமல் நின்றது. காய்க் குலையை அறுத்தால் கணக்கில் வெட்டுவார்கள். மேலே பார்த்தால் எல்லாம் கறுப்பும் சிவப்புமாக ஒன்று போலவே தெரிந்தன. அப்போதுதான் அந்தப் பாட்டியைச் சந்தித்தேன். உதிரிப் பழம் பொறுக்கும் தினக்கூலி வேலைக்கு வெளியிலிருந்து வருவார், எழுபது வயது இருக்கும். நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "மேல என்ன தம்பி பார்க்கிற? கீழ பாரு" என்றார். மரத்தடியில் புல்லை விலக்கிக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, எண்ணெய் மினுமினுப்போடு பழங்கள் கிடந்தன. "எண்ணு. பத்து கெடந்தா அறு. இல்லேன்னா அடுத்த மரத்துக்குப் போ." எங்கள் தோட்டத்தில் அதுதான் கணக்கு. ஒரு பழத்தை நகத்தால் கீறி என் உள்ளங்கையில் தேய்த்தார். எண்ணெய் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம், அதை விட்டுவிட்டுப் போவது காசைப் போட்டுவிட்டுப் போவது மாதிரி என்றார்.

மறுநாள் காலை அவரே கேட்டார்: "பசியாறியாச்சா?" எனக்குப் புரியவில்லை. காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்கள். எந்த ஊர் என்று கேட்டார், பட்டுக்கோட்டைப் பக்கம் என்றேன். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவராம். இதே மண் அப்போது ரப்பர் தோட்டம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் சீவியிருக்கிறார். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது லயத்துச் சனங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்பார்கள்) பாதிப் பேர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். "எங்க புள்ளைங்க விட்டுட்டுப் போன வேலைக்கு மறுபடியும் ஊர்லேருந்தே வந்திருக்கிற பாரு" என்றார். அதில் ஏளனம் இல்லை. அன்று அவர் கொடுத்த கருவாட்டுக் குழம்பு எங்கள் அம்மா வைப்பது போலவே இருந்தது, புளி மட்டும் கொஞ்சம் குறைவு.

சம்பள விஷயம் சொல்கிறேன், போகிறவர்கள் கவனியுங்கள். நான் கிளம்பிய 2022-ஆம் வருடம் மே மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆகியிருந்தது (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள்). 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. அறுவடைக்காரனுக்கு டன் கணக்கில் கூலி, அது குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் நிரப்பித் தர வேண்டும். காய்ப்பு நல்ல மாதத்தில் நான் 2,400 வரை பார்த்திருக்கிறேன். மழை மாதத்தில் அடிமட்டம்தான். அறுத்த குலையின் காம்பில் நம் நம்பரை எழுதிச் சாலையோரம் அடுக்க வேண்டும், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வந்து எண்ணுவார். நான் ஒரு பாக்கெட் நோட்டில் தினமும் எழுதி வைத்தேன். நாலாவது மாதம் அவர்கள் கணக்கில் 43 குலை குறைந்திருந்தது. நோட்டைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். நோட்டு வைத்திருக்காத நேபாளத் தம்பி ஒருவனுக்கும் குறைந்திருந்தது, அவனுக்குத் திருத்தவில்லை.

பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறோம்" என்று ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அப்படி வைத்திருப்பது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். இரண்டு முறை எழுதிக் கேட்ட பிறகு எங்கள் லயத்தில் பூட்டுப் போட்ட பெட்டி தந்தார்கள்.

கொழுந்துக்காரி:

நான் பதுளைப் பக்கம், தோட்டத்தில் பிறந்தவள். என் அண்ணன் இஸ்ரேலில் விவசாய வேலையில் இருக்கிறார். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகத்தான் போனார். தெற்கே பாலைவனத்தில் வலைக்கூடாரத்துக்குள் குடைமிளகாய். அவருக்கு வேலை பழக்கிவிட்டது ஒரு தாய்லாந்து ஆள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. காம்பை எவ்வளவு விட்டு வெட்ட வேண்டும் என்று அவர் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டுவாராம். சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் அவரே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாராம். அண்ணன் ஃபோனை எடுக்கும்வரை எங்கள் அம்மா இன்னும் சாப்பிடுவதில்லை. நல்ல சம்பளம்தான், கடனும் அடைந்துவிட்டது. ஆனாலும் போகச் சொல்லி என் வாயால் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மணமேல்குடி:

பேராவூரணி அண்ணன் விசா பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று வந்தது அல்லவா, அதை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள். "சும்மா டூரிஸ்ட்டா போ, போனதும் பெர்மிட் அடிச்சிடலாம்." 2024 ஜனவரியில் போனேன். கேமரன் மலையில் காய்கறித் தோட்டம், பிளாஸ்டிக் கூரைக்குள் தக்காளியும் கோசும். குளிர் ஊட்டி மாதிரி. வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டூரிஸ்ட்டாகப் போய் வேலை செய்ததே குற்றம், 31-ஆம் நாளிலிருந்து அந்த மண்ணில் தங்கியிருந்ததும் குற்றம். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தக்காளிக் கொடிக்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை. எங்கே போய்க் கேட்பது? மார்ச்சில் அந்த அரசு தொடங்கிய, தாமாகத் திரும்பிப் போகும் திட்டத்தில் 500 வெள்ளி அபராதம் கட்டி ஊர் வந்தேன். அந்த 500-ஐயும் என் தங்கை கம்மலை வைத்து அனுப்பினாள். இன்னும் மீட்கவில்லை.

பேராவூரணிக்காரன்:

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்களைப் போல நாலைந்து பேரை எங்கள் தோட்டத்துக்கு வெளியேயும் பார்த்தேன். கம்பு பிடிக்கத் தெரிந்த நல்ல வேலைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குக்கூட வெளியே வரப் பயந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்காக: பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருந்தால், மலேசியாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை. அது இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக வரும். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்றும் அதிலேயே பார்க்கலாம். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, நேரில் போய் விசாரிக்கலாம். நான் அங்கே போகாமல் டீக்கடையில் விசாரித்தேன்.

2025 கடைசியில் திரும்பிவிட்டேன். கடன் முடிந்தது, தோப்பில் புதுக் கன்று பாளை விட்டிருக்கிறது. தஞ்சாவூர், அரியலூர்ப் பக்கம் சிலர் எண்ணெய்ப் பனை போட்டிருக்கிறார்கள், அறுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். போன வாரம் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் கூப்பிட்டார். அவருடைய ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மரத்தடியில் குந்திப் புல்லை விலக்கினேன். ஏழு பழம்தான் கிடந்தது. மூன்று நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.