வேல்ஸ் மருத்துவமனைப் பணியாளர்களிடம் வேல்ஸ் மொழிக்கான மரியாதையை எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம்?

இரவுப்பணி:
வட வேல்ஸில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் ஓராண்டாகச் செவிலியராக இருக்கிறேன். மறதிநோய் முற்றிய விவசாயி ஒருவர் போன வாரம் இரவு முழுவதும் ‘போய்ன், போய்ன்’ என்று முனகிக்கொண்டிருந்தார். அது வேல்ஸ் மொழியில் வலியைக் குறிக்கும் சொல் என்பதை, விடியற்காலையில் தரை துடைக்க வந்த அம்மையார் சொல்லித்தான் அறிந்தேன். உடனிருந்த மூத்த செவிலியரோ, ‘அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், அடம்பிடிக்கிறார்’ என்று நகர்ந்துவிட்டார். இதில் எங்களுடைய கடமை என்ன? வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இந்த மொழியையும் கற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கார்டிஃப்வாசி:
கடமை முதலில் நிறுவனத்தின் மீதே விழுகிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸ் மொழிக்கு அலுவல்மொழித் தகுதியை அளித்து, மொழி ஆணையர் பதவியையும் உருவாக்கியது. சுகாதாரத் துறைக்கான மொழித் தரநிலைகள் 2018இல் விதிகளாக வந்தன. நோயாளி வாய்திறந்து கேட்கும்வரை காத்திராமல், அவருடைய மொழியில் சேவை வேண்டுமா என்று பணியாளரே முன்வந்து கேட்பதுதான் இங்குள்ள சுகாதாரக் கொள்கை. ‘அடம்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். மறதிநோயில் பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் எஞ்சிநிற்பது உண்டு.

நகராட்சி எழுத்தர்:
இங்குள்ள முதியவர்களுக்கு அலுவலகங்கள் மீதுள்ள பழைய கசப்பையும் அறிந்துகொள்ளுங்கள். லனெத்லி அருகே வாழ்ந்த ட்ரெவர், ஐலீன் பீஸ்லி தம்பதியர், வரிக்கோரிக்கைத் தாளை வேல்ஸ் மொழியில் தரும்வரை கட்டமாட்டோம் என்று 1952இல் மறுத்தனர். பலமுறை நீதிமன்றம் ஏற்றப்பட்டு, பியானோ உட்பட வீட்டுச் சாமான்கள் ஜப்தி செய்யப்பட்ட பிறகும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இருமொழித் தாள் கைக்கு வர 1960 ஆயிற்று. ஒரு துண்டுத் தாளுக்காக எட்டு ஆண்டுகள்! வேல்ஸ் மொழி பேசுபவர் என்று காட்டும் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி பேட்ஜ் அணிந்தவரைக் கண்டதும் சில முதியவர்களின் குரலே மாறுவதை எங்கள் கவுன்டரில் பார்த்திருக்கிறேன்.

மாற்றுக்கருத்து:
இரவில் இரண்டே பேர் முப்பது படுக்கைகளைக் கவனிக்கும் வார்டில் மொழிப்புலமையைக் கோருவது நடைமுறைக்கு ஒவ்வாது. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 விழுக்காட்டினர்தான், இம்மொழியைப் பேசக்கூடியவர்கள். எல்லாப் பணியிடங்களையும் அவர்களைக்கொண்டே நிரப்ப இயலாது. ஆனால் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் சரியாக உச்சரிப்பதற்கும், பேசுபவரை ஏளனம் செய்யாதிருப்பதற்கும் புலமை தேவையில்லை. அந்த மூத்தவர் தவறியது மொழியில் அல்ல, வலியைக் கவனிக்காமல் விட்டதில்.

கார்டிஃப்வாசி:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தச் சொல் தெரிந்த ஒருவர் பணிப்பட்டியலில் இருந்திருந்தால் வலிமாத்திரை நள்ளிரவிலேயே கிடைத்திருக்கும். வேல்ஸ் மொழி பேசுபவர் ஒவ்வொரு வேளையிலும் ஒருவராவது இருக்கவேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இரவுப்பணி:
அனைவருக்கும் நன்றி. மேலாளருக்கு எழுதிவிட்டேன். வலி, தண்ணீர், கழிப்பறை, குளிர் முதலியவற்றுக்கான ஆறு வேல்ஸ் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து அடையாள அட்டையின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். இப்பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீரை ‘பானட்’ என்கிறார்கள். நம்முடைய பானத்தை ஒத்திருப்பதால் அதை மட்டும் எழுதிவைக்கத் தேவைப்படவில்லை. நேற்று அதைக் கேட்டதும் அந்த விவசாயி, சர்க்கரை எத்தனை கரண்டி என்று விரல்களால் காட்டினார்.